சாந்திநிகேதன்: மரபும் வளர்ச்சியும்

நுழையும்முன்

பழமையான ஓர் இடத்தைக் காப்பது ஒரு கடமை. அவ்விடத்தில் இன்றும் பயில்வோருக்கு வகுப்பறையும் விடுதியும் நூலகமும் அமைத்துத் தருவது மற்றொரு கடமை. இவ்விரண்டும் ஒரே நிலத்தில் எதிரெதிரே நிற்கும்போது எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பற்றி நிற்பது என்னும் வினா எழுகிறது. வழிபாட்டிடமாகத் தோன்றி, பள்ளியாகி, பல்கலைக்கழகமாக வளர்ந்து, இன்று உலக மரபுரிமைக் களமாக விளங்கும் சாந்திநிகேதனை முன்வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

தரிசு நிலத்தில் ஓர் ஆசிரமம்

மேற்கு வங்க மாநிலத்தின் பீர்பூம் மாவட்டத்தில், போல்பூர் நகரை ஒட்டி அமைந்துள்ளது சாந்திநிகேதன். இதன் வடக்கே கோபாய் ஆறும் தெற்கே அஜய் ஆறும் பாய்கின்றன. இடைப்பட்ட நிலம் செம்புரை மண்ணால் ஆனது. மழைநீர் அரித்தரித்து உண்டாக்கிய செந்நிறப் பள்ளங்களையும் மேடுகளையும் அவ்வூர் மக்கள் ‘கொயாய்’ என்று அழைக்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலம் பெரும்பாலும் மரமற்ற வெட்டவெளியாகக் கிடந்தது.

பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவரான தேவேந்திரநாத் தாகூர் இவ்வழியே பயணம் செய்தபோது, தனித்து நின்ற இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் தங்கினார் என்பர். அவ்விடத்தின் அமைதி அவரை ஈர்த்தது. 1863ஆம் ஆண்டில் அங்கு 20 பிகா நிலத்தை அவர் நிலையான குத்தகையாகப் பெற்றார். இஃது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்பாகும். அதில் ஒரு வீட்டைக் கட்டி, ‘அமைதியின் உறைவிடம்’ என்னும் பொருள்பட ‘சாந்திநிகேதன்’ எனப் பெயரிட்டார். நாளடைவில் வீட்டின் பெயரே ஊரின் பெயராயிற்று.

1888ஆம் ஆண்டில் இந்நிலத்தை ஓர் அறக்கட்டளையிடம் அவர் ஒப்படைத்தார். உருவமற்ற ஒரே இறைவனை வழிபட எச்சாதியினரும் எச்சமயத்தினரும் இங்கு வரலாம். எந்தச் சமயத்தையும் இங்குப் பழித்தல் கூடாது. ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடைபெற வேண்டும். கல்விக்கூடமும் நூலகமும் அமைக்கலாம் என்று அவ்வாவணம் வகுத்தது. இந்த இடத்தின் எதிர்காலத்தைத் திட்டமிட்ட முதல் ஆவணம் அதுவே எனலாம். அங்கு மனிதர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை அது முதலில் வரையறுத்தது. பின்னர்த் தோன்றிய கட்டடங்கள் அவ்வொழுக்கத்திற்கு இடமளிப்பனவாக அமைந்தன.

1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வழிபாட்டு மன்றம் இதற்கு ஏற்ற சான்று. இரும்புச் சட்டங்களாலும் வண்ணக் கண்ணாடிகளாலும் ஆன அம்மன்றத்தில் உருவச்சிலை இல்லை. அனைவருக்கும் உரிய வழிபாடு என்னும் கருத்தை, ஒளி புகும் சுவர்களாலேயே அக்கட்டடம் உணர்த்துகிறது. இன்றும் புதன்கிழமைகளில் அங்கு வழிபாடு நடைபெறுகிறது. அந்நாளே வளாகத்தின் வார விடுமுறை நாளாகவும் விளங்குகிறது.

ஐந்து மாணவரிலிருந்து பல்கலைக்கழகம் வரை

தேவேந்திரநாத்தின் மகன் இரவீந்திரநாத் தாகூர், 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர்கள் ஐவர். நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட கல்வியை விரும்பாத தாகூர், மரத்தடிகளையே வகுப்புகளாக்கினார். ஆசிரியர் மரத்தின் அடியில் அமர, மாணவர்கள் அவரைச் சூழ்ந்து தரையில் அமர்ந்து பயின்றனர். பாட்டும் ஓவியமும் தோட்ட வேலையும் பாடங்களோடு ஒன்றாயின.

மரத்தடி வகுப்பு என்பது வெறும் அழகுக் காட்சியன்று. ஒரு மரத்தின் நிழல் எத்தனை பேரைத் தாங்குமோ, ஆசிரியரின் குரல் எத்தனை பேருக்கு எட்டுமோ அத்தனை பேரே ஒரு வகுப்பு ஆகின்றனர். நிழல் நகர்ந்தால் வகுப்பும் நகர்கிறது. மழை வந்தால் கூரையைத் தேடுகிறது. கல்வியின் அளவையும் வேகத்தையும் இயற்கையோடு பொருத்திக்கொண்ட முறை இது. இம்முறையைக் காக்க விரும்புவோர் மரங்களைக் காத்தல் மட்டும் போதாது. வகுப்பின் அளவையும் காக்க வேண்டும்.

1919ஆம் ஆண்டில் கலைபவனம் உருவாயிற்று. 1921ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் விசுவபாரதி முறையாகத் தொடங்கப்பெற்றது. உலகம் முழுவதும் ஒரே கூட்டில் கூடும் இடமாக அது திகழ வேண்டும் என்பது தாகூரின் விருப்பம். அடுத்த ஆண்டில், அருகிலுள்ள சுருல் என்னும் ஊரில், ஊரக மேம்பாட்டிற்கான ஸ்ரீநிகேதன் தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த வேளாண் அறிஞர் லெனார்டு எல்ம்கர்ஸ்ட் அப்பணிக்குத் துணைநின்றார். 1937ஆம் ஆண்டில் சீனபவனமும், தொடர்ந்து இந்திபவனமும் எழுந்தன. இவ்வாறு நாற்பது ஆண்டுகளில் ஒரு சிறு பள்ளி, கலையும் ஆய்வும் உழவும் கைத்தொழிலும் இணைந்த பெரும் வளாகமாக வளர்ந்தது.

இவ்வளர்ச்சியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. சாந்திநிகேதன் எந்தக் காலத்திலும் மாறாமல் நின்றதில்லை. தாகூர் வாழ்ந்த காலம் முழுவதும் அங்குக் கட்டுதலும் திருத்துதலும் நிகழ்ந்துகொண்டே இருந்தன. ஆகவே, ‘பழைய நிலையில் அப்படியே நிறுத்துவது’ என்பது அவ்விடத்தின் மரபுக்கே பொருந்தாது. எந்த வகை மாற்றம் அங்குத் தகுதியுடையதாகக் கருதப்பட்டது என்பதை அறிவதே முதற்பணி.

கட்டடங்கள் கற்பிக்கும் பாடம்

தாகூர் வாழ்ந்த வீடுகள் ‘உத்தராயணம்’ என்னும் பகுதியில் உள்ளன. உதயணம், கோணார்க், சியாமளி, புனஸ்ச, உதீசி என்று அவற்றுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இந்திய மரபோடு கீழை நாடுகளின் கட்டடக்கலைக் கூறுகளும் இவற்றில் கலந்துள்ளன. வளாகத்தின் கட்டடங்கள் பலவற்றை வடிவமைத்தவர் ஓவியர் சுரேந்திரநாத் கர். ஐரோப்பியப் பாணியை அப்படியே பின்பற்றிய குடியேற்றக் காலக் கட்டடங்களினின்றும் இவை வேறுபட்டவை. ஆசியப் பண்பாடுகள் ஒன்றோடொன்று உரையாடும் புதுமையை இவற்றில் காணலாம்.

1935ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சியாமளி, சுவரும் கூரையும் மண்ணாலான வீடு. வெப்பத்தைத் தணிப்பதற்காக மண்பானைகள் அடுக்கிக் கட்டப்பட்டது. அதன் புறச்சுவர்களில் நந்தலால் போஸ், இராம்கிங்கர் பைஜ் முதலிய கலைஞர்களின் கைவண்ணத்தில் புடைப்புருவங்கள் அமைந்துள்ளன. எளிய ஊர்மக்களும் தீப்பற்றாத, வெப்பம் புகாத வீட்டைக் குறைந்த செலவில் கட்டிக்கொள்ளலாம் என்பதைக் காட்டும் சோதனையாகவே அது கருதப்பட்டது. ‘தாளத்வஜம்’ என்னும் மண்குடில் இன்னும் வியப்பூட்டுவது. நின்றிருந்த ஒரு பனைமரத்தை வெட்டாமல் அதனைச் சுற்றியே அக்குடில் எழுப்பப்பட்டது. கூரையைத் துளைத்துக்கொண்டு மரம் மேலெழுந்து நிற்கிறது.

கலைபவனத்தைச் சூழ்ந்த வெளியில் இராம்கிங்கர் பைஜின் ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிற்பம் உள்ளது. 1938ஆம் ஆண்டில் சிமெண்டும் செம்புரைக் கற்சில்லுகளும் கொண்டு அவர் அதனை வடித்தார். அருகிலுள்ள ஊர்களில் வாழும் சந்தால் பழங்குடியினரின் இடப்பெயர்வு வாழ்வே அதன் பொருள். விலையுயர்ந்த பளிங்கையோ வெண்கலத்தையோ நாடாமல், காலடியில் கிடந்த கல்லையே கலைஞர் கையாண்டார். இந்திபவனத்தின் உட்சுவரில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் விநோத் பிகாரி முகர்ஜி தீட்டிய, இடைக்கால அடியார்களின் வாழ்வைக் கூறும் சுவரோவியமும் புகழ்பெற்றது.

இவ்வளாகத்தின் கட்டடங்களிலிருந்து மூன்று நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம். முதலாவது, அங்குக் கிடைக்கும் பொருளைப் பயன்படுத்துதல். இரண்டாவது, மரத்திற்கு இடம்விட்டுக் கட்டுதல். மூன்றாவது, கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடையில் உள்ள திறந்தவெளியைக் கட்டடத்திற்கு இணையாக மதித்தல். எதிர்காலத் திட்டம் வகுப்போர் பின்பற்றத்தக்க விதிகள் இவற்றிலேயே அடங்கியுள்ளன.

தெரிந்து தெளிவோம்

ஏழிலைப்பாலையை வங்காளத்தில் ‘சாதிம்’ என்பர். கணுக்களில் பெரும்பாலும் ஏழு இலைகள் வட்டமாக அமைவதால் இதனை வடமொழியில் ‘சப்தபர்ணி’ என்பர். தேவேந்திரநாத் தங்கிய மரங்கள் பட்டுப்போன பின்னர், அதே இடத்தில் அதே வகை மரங்கள் நடப்பட்டன. விசுவபாரதியில் பட்டம் பெறுவோருக்கு ஏழிலைப்பாலையின் இலைகளை வழங்குவது மரபு.

நிறுவனரின் கவலை

தம் காலத்திற்குப் பின் இந்நிறுவனம் என்னாகும் என்னும் கவலை தாகூருக்கு இருந்தது. நோபல் பரிசுத் தொகையையும் தம் நூல்களால் கிடைத்த வருவாயையும் இதற்காகச் செலவிட்டார். முதுமையிலும் நாடகக் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1940ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் காந்தியடிகள் சாந்திநிகேதன் வந்து சியாமளியில் தங்கினார். அவர் விடைபெறும் வேளையில், விசுவபாரதியைக் காக்கும் பொறுப்பை ஏற்குமாறு வேண்டி ஒரு மடலைத் தாகூர் அவரிடம் அளித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தாகூர் மறைந்தார்.

அம்மடலின் செய்தியைக் காந்தியடிகள் மௌலானா அபுல் கலாம் ஆசாத்திடம் பகிர்ந்திருந்தார். விடுதலைக்குப் பின் ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1951ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வாயிலாக விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாகவும் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாகவும் ஆயிற்று. இதனால் நிதி நிலை உறுதிப்பட்டது. அதே வேளையில் துறைகளும் மாணவர் எண்ணிக்கையும் பெருகின. தேர்வு, பதவி, நிர்வாகம் முதலிய பொது விதிகளும் உடன்வந்தன. ஒரு கவிஞரின் தனி முயற்சி, அரசுப் பொறுப்பாக மாறும்போது பெறுவதும் உண்டு, இழப்பதும் உண்டு.

எல்லைகளும் பொறுப்புகளும்

விசுவபாரதிச் சட்டம் அதன் ஆட்சி எல்லையாக ஏறத்தாழ 3000 எக்டேர் பரப்பைக் குறிப்பிடுகிறது. வடக்கே கோபாய் ஆறும் கிழக்கே இருப்புப் பாதையும் அதன் எல்லைகளுள் அடங்கும். இப்பரப்பு முழுவதும் பல்கலைக்கழகத்தின் உடைமையன்று. ஊர்களும் வயல்களும் தனியார் வீடுகளும் அதற்குள் உள்ளன.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் கூடிய உலக மரபுரிமைக் குழு, சாந்திநிகேதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற 41ஆவது களம் இது. கட்டடங்களும் நிலத்தோற்றமும் இணைந்த கல்விக் குடியிருப்பு என்பதும், உலகு தழுவிய கல்விச் சிந்தனையோடும் கலை இயக்கத்தோடும் நேரடித் தொடர்புடைய இடம் என்பதும் இவ்வேற்பிற்கான காரணங்கள்.

இவ்வாறு ஏற்கப்பட்ட மையப்பகுதியின் பரப்பு 36 எக்டேர் மட்டுமே. சட்டம் சுட்டும் 3000 எக்டேரோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. மையத்தைச் சூழ்ந்து, ஏறத்தாழ 538 எக்டேர் பரப்பில் ஒரு காப்பு வளையம் வரையறுக்கப்பட்டுள்ளது. மையத்தின் தோற்றத்தையும் சூழலையும் கெடுக்கும் வளர்ச்சி அருகில் நேராதவாறு கட்டுப்படுத்துவதே காப்பு வளையத்தின் நோக்கம்.

இந்த எண்கள் ஓர் உண்மையை விளக்குகின்றன. மையப்பகுதியைப் பல்கலைக்கழகம் காக்கலாம். ஆனால் அங்கிருந்து காணும் தொடுவானம், அங்கு வரும் சாலை, நிலத்தடி நீர், இரைச்சல், குப்பை ஆகியன வெளியிலிருந்து வருவன. அவற்றைப் போல்பூர் நகராட்சியும் ஊராட்சிகளும் வளர்ச்சி ஆணையமும் மாநில அரசும் ஊர்மக்களுமே நெறிப்படுத்த இயலும். கொயாய் நிலப்பகுதியில் பெருகிய கட்டடங்கள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அப்பகுதியில் வளர்ச்சித் திட்டம் வகுப்போர் விசுவபாரதிச் சட்டத்தின் நோக்கத்தைக் கருத்தில்கொள்ள வேண்டும் என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இன்றைய நெருக்கடிகள்

முதல் நெருக்கடி, இடம் பற்றியது. மாணவர் பெருகும்போது விடுதியும் ஆய்வகமும் தேவைப்படுகின்றன. வளாகத்தின் நடுவிலுள்ள திறந்தவெளி, ‘வெறுமனே கிடக்கும் நிலம்’ போலத் தோன்றும். அங்குக் கட்டுவது செலவில் எளிது. சாலையும் மின்சாரமும் ஏற்கெனவே உள்ளன. ஆயினும் அவ்வெளிதான் அங்கு வகுப்பறை; அதுவே விழா அரங்கு. அதில் ஒரு கட்டடம் எழுந்தால் ஒரு கட்டடம் கூடுவதோடு ஒரு வகுப்பறை மறைகிறது.

இரண்டாவது நெருக்கடி, கூட்டம் பற்றியது. வங்க மாதமான பௌஷத்தில் நடைபெறும் பௌஷ விழா, அறக்கட்டளை ஆவணத்தில் வேர்கொண்டது. ஊர்க் கைவினைஞர்களும் பாவுல் பாடகர்களும் கூடும் விழா அது. காலப்போக்கில் பெரு வணிகமும் வாகனங்களும் பெருகி, குப்பையும் மாசும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கவனத்திற்குச் சென்றன. வசந்த விழாவிற்கு வந்த பெருங்கூட்டம் காரணமாக, அதனைப் பொதுமக்கள் அனைவரும் பங்கேற்கும் விழாவாக நடத்துவதைப் பல்கலைக்கழகம் பின்னர்த் தவிர்க்க நேர்ந்தது. சனி, ஞாயிறுகளில் பெருநகரத்திலிருந்து மக்கள் திரள்கின்றனர். புதன்கிழமையை விடுமுறையாகக் கொண்ட இடத்தில், பார்வையாளரின் ஓய்வு நாள் மாணவரின் படிப்பு நாளாக அமைந்துவிடுகிறது.

மூன்றாவது நெருக்கடி, பாதுகாப்பு பற்றியது. 2004ஆம் ஆண்டில், உத்தராயணத்திலுள்ள அருங்காட்சியகத்திலிருந்து தாகூரின் நோபல் பதக்கம் திருடுபோயிற்று. அது நாட்டையே வருந்தச் செய்த இழப்பு. அதன்பின் காவலும் வேலியும் மதிலும் கூடின. 2020ஆம் ஆண்டில் பௌஷ விழாத் திடலுக்கு மதில் எழுப்ப மேற்கொண்ட முயற்சி கடும் எதிர்ப்பையும் மோதலையும் சந்தித்தது. உடைமையைக் காக்க மதில் வேண்டும் என்பது ஒரு சாரார் நிலைப்பாடு. எவரும் வரலாம் என்று தொடங்கிய இடத்தில் மதில் எழுப்புவது அதன் உயிர்க்கருத்தையே மறுப்பதாகும் என்பது மற்றொரு சாரார் நிலைப்பாடு. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பதக்கத்தைக் காக்க அருங்காட்சியகத்திற்கு வலிய பூட்டு வேண்டும்; அதற்காகத் திடலைப் பூட்ட வேண்டுவதில்லை. எதனைக் காக்கிறோம் என்பதைப் பிரித்தறிந்தால், எங்கு மதில் வேண்டும், எங்கு வேண்டா என்பது தெளிவாகும்.

நான்காவது நெருக்கடி, காலத்தின் தேய்மானம் பற்றியது. மண்வீட்டிற்கு ஆண்டுதோறும் பூச்சு வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் சிற்பம் வெயிலிலும் மழையிலும் அரிக்கப்படுகிறது. சிற்பத்தின்மேல் கூரை வேய்ந்தால் அதன் ஆயுள் கூடும். வானத்தின் கீழ் நிற்க வேண்டும் என்னும் கலைஞரின் எண்ணம் குறையும். மண்சுவரைச் சிமெண்டால் பூசினால் அது சில காலம் உறுதியாகத் தோன்றும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே சிதைக்கும். பழைய பொருளுக்குப் பழைய முறையே மருந்தாகும் இடங்கள் பல. அம்முறை அறிந்த கொத்தர்களும் குயவர்களும் கூரை வேய்வோரும் இல்லையெனில், நிதி இருந்தும் பயனில்லை.

திட்டம் வகுக்கும் முறை

மரபு வளாகத்திற்கான திட்டம், வரைபடத் தாளிலிருந்து தொடங்குவதில்லை, கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறது. கட்டடங்களோடு மரங்கள், நடைபாதைகள், நீர்நிலைகள், சுவரோவியங்கள், வெளிச்சிற்பங்கள் ஆகிய அனைத்தும் பட்டியலிடப்பட வேண்டும். எந்த இடத்தில் எந்த விழா நடைபெறுகிறது, எந்த மரத்தடியில் எந்த வகுப்பு கூடுகிறது, எந்தப் பாதையில் ஊர்மக்கள் நடந்து செல்கின்றனர் என்பனவும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். பட்டியலில் இல்லாததே முதலில் அழிகிறது.

அடுத்து, தரம் பிரித்தல். சில இடங்களில் பழுதுபார்த்தல் அன்றி வேறெதுவும் கூடாது. சில கட்டடங்களில் புறத்தோற்றத்தைக் காத்து, உள்ளே புதிய பயன்பாட்டிற்கு இடமளிக்கலாம். மரபுச் சிறப்பு இல்லாத பிற்காலக் கட்டடங்களை மாற்றவோ நீக்கவோ செய்யலாம். புதிய தேவை எழும்போது, இருக்கும் கட்டடம் ஒன்றால் அதனை நிறைவு செய்ய இயலுமா என்று முதலில் ஆராய வேண்டும். இயலாதபோது, மையப்பகுதிக்கு வெளியே தகுந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கும் மரங்களின் உச்சியைத் தாண்டாத உயரமும் காற்றோட்டமும் நிழலும் விதியாதல் வேண்டும்.

கட்டும் முன்னரே அதன் விளைவை மதிப்பிடுவது மூன்றாம் படி. புதிய சாலை ஒன்று போடப்பட்டால் இரைச்சல் வழிபாட்டு மன்றத்தை எட்டுமா? ஆழ்துளைக் கிணறு தோண்டினால் மரங்களின் வேர்க்கு நீர் எஞ்சுமா? செம்புரை நிலத்தில் வடிகால் திசை மாறினால் மண்ணரிப்பு எங்கே தொடங்கும்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அடித்தளம் இடுதல் முறை. இடித்த பின் வருந்துவதினும் கட்டும் முன் எண்ணுவது மேலானது.

பார்வையாளரை நெறிப்படுத்துவது நான்காம் படி. வாகனங்களை வளாகத்திற்கு வெளியே நிறுத்தி உள்ளே நடந்து வரச் செய்தல், வகுப்பு நடைபெறும் பகுதிகளை அந்நேரத்தில் தவிர்க்கச் செய்தல், விழாவில் கைவினைஞர்க்கு முன்னுரிமை அளித்தல், குப்பையை அன்றாடம் அகற்றுதல் ஆகியன பெருஞ்செலவில்லாத வழிகள். வருவோரைத் தடுப்பது எளிது. வந்தோரைக் கற்போராக்குவது அரிது. தாகூரின் இடத்திற்குப் பொருந்துவது பின்னதே.

மரங்களுக்கும் திட்டம் வேண்டும். இன்று காணும் சோலை இயற்கையாக அமைந்ததன்று. வெட்டவெளியில் தலைமுறைகளாக நட்டு வளர்த்தது. 1928ஆம் ஆண்டில் மரம் நடுதலை ஒரு விழாவாகவே தாகூர் தொடங்கி வைத்தார். முதிய மரம் ஒன்று சாயும் நாளில் அதன் இடத்தை நிரப்ப, பல ஆண்டுகளுக்கு முன்பே கன்று நடப்பட்டிருக்க வேண்டும். ஒரு கட்டடத்தை இரண்டு ஆண்டுகளில் எழுப்பலாம். முப்பது மாணவர் அமரத்தக்க நிழலை எழுப்ப ஒரு தலைமுறை ஆகும்.

யார் முடிவெடுப்பது?

எவ்வளவு சிறந்த திட்டமாயினும், அவ்விடத்தில் வாழ்வோரின் இசைவின்றி நிலைபெறாது. ஆசிரியர், மாணவர், முன்னாள் மாணவர், அறக்கட்டளையினர், சுற்றியுள்ள சந்தால் ஊர்களின் மக்கள், கைவினைஞர், சிறு வணிகர் ஆகிய அனைவருக்கும் அந்நிலத்தோடு உறவு உண்டு. ஊரையும் கல்விக்கூடத்தையும் பிரிக்கக் கூடாது என்பதற்காகவே ஸ்ரீநிகேதன் தோன்றியது. எனவே, ஊர்மக்களைக் கேளாமல் வகுக்கும் திட்டம் தோற்றத்தில் மரபைக் காப்பதாக அமைந்தாலும் உள்ளத்தில் அதனைக் கைவிடுவதாகும். பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல், பேசாமையால் மோதலாக மாறுவதை விழாத்திடல் நிகழ்வு உணர்த்தியது.

உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது ஒரு முடிவன்று. அத்தகுதி புகழைத் தருகிறது. புகழ் கூட்டத்தைத் தருகிறது. கூட்டம் கடையையும் விடுதியையும் சாலையையும் தருகிறது. எந்த அமைதிக்காக அவ்விடம் போற்றப்படுகிறதோ அந்த அமைதியையே அப்புகழ் விழுங்கிவிடக்கூடும். இதனை முன்னரே உணர்ந்து அளவு வகுத்துக்கொள்வதுதான் திட்டமிடலின் பயன்.

பட்டுப்போன ஏழிலைப்பாலையின் இடத்தில் மீண்டும் ஏழிலைப்பாலையையே நட்டவர்கள் ஒரு வழியைக் காட்டியுள்ளனர். பழைய மரத்தை அவர்களால் நிறுத்திவைக்க இயலவில்லை. அதற்காக அவ்விடத்தில் கட்டடம் எழுப்பவும் இல்லை. அதே நிழலை அடுத்த தலைமுறைக்குத் தரும் கன்றை ஊன்றினர். மரபு வளாகம் ஒன்றின் எதிர்காலத்தைத் திட்டமிடுவோர் ஒவ்வொரு முடிவின்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதில் உள்ளது: இன்று செய்வது, இனி வரும் மாணவருக்கு இந்நிழலை மிச்சம் வைக்குமா?

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள பழமையான பள்ளி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள கட்டடங்கள், மரங்கள், நீர்நிலைகள், விழாக்கள் ஆகியவற்றைப் பட்டியலிடுக. அவற்றுள் மாற்றக் கூடாதவை, மாற்றத்தக்கவை எவை எனப் பிரித்துக் காரணம் எழுதுக.

2. ‘மரபு வளாகத்திற்கு மதில் தேவை – தேவையில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி வளாகத்தில் புதிய ஆய்வகம் ஒன்று கட்டப்படுவதாகக் கொண்டு, அதற்கு ஏற்ற இடத்தையும் அதனால் நேரும் விளைவுகளையும் விளக்கித் தலைமையாசிரியருக்குக் கடிதம் வரைக.